குளிசைக்கு முன்னும் பின்னும் என்ன சாப்பிட்டனீங்கள்?

பாமசி கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவளுக்கு ஒருவரின் பிரஷரும் சீனியும் கொலஸ்ட்ரோலும் தெரியும். அவர் காலையில் என்ன குடித்தார், மத்தியானம் எதைப் பிசைந்து சாப்பிட்டார் என்பது மட்டும் தெரியாது. தொல்லை முழுவதும் அந்த இடத்தில்தான் இருக்கிறது. இதே வேலையில் நின்று கால் வீங்கியவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. தலையை ஆட்டிவிட்டு அடுத்த பந்திக்குப் போய்விடுவீர்கள்.

வீடு கொட்டாஞ்சேனையில், வேலை வெள்ளவத்தையில், காலி வீதியில் ஒரு பாமசி. எங்கள் குடும்பத்தில் கம்பஸ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் அம்மாவுக்கு நான் பாமசிஸ்ட் அல்ல. பக்கத்திலேயே கிடைக்கிற டாக்குத்தர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். ஒரு பெட்டியை எடுத்தால் பெயரை இரண்டு தரம் வாசிப்பேன். கொடுத்த பிறகு மூன்றாம் தரம் மனத்துக்குள் வாசிப்பேன். அந்தப் பயத்தில் பிடித்த பழக்கம்தான் மேலே தலைப்பில் இருக்கும் கேள்வி. வருகிற எல்லாரிடமும் கேட்டேன். வரிசை வாசலைத் தாண்டி நடைபாதை வரைக்கும் நின்றது.

இங்கே எழுதுவது அந்தக் கேள்வியால் ஒரு வாரத்துக்குள் நடந்தவை. ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: தொடக்கக் கதையை நான் கண்ணால் காணவில்லை, அது எனக்கு மூன்றாம் வாயால் வந்தது. ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். மீன்களின் பெயர்களை மட்டும் மாற்றவில்லை.

மூன்றாம் வாயால் வந்த கதை

எங்கள் ஒழுங்கையில் எதிர்வீடு சேவியர் அண்ணனுடையது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். அவருக்குச் சயரோகம் என்று கண்டுபிடித்து, கிளினிக்கில் குளிசை தொடங்கி, இருமல் நின்று, கன்னத்தில் சதை பிடித்து, திரும்பவும் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தார். தவக்காலம் பிறந்ததும் புதுப் பிரச்சினை. சில நாட்களில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு முகம் செக்கச்செவேலென்று சிவக்கும், தலை இடிக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தியும் வரும். வேறு சில நாட்களில் ஒன்றுமே இல்லை. இதை அவர் தன் மனைவி ஸ்டெலா அக்காவிடம் சொல்ல, அவர் ஞாயிறு பூசைக்குப் பிறகு என் அம்மாவிடம் சொல்ல, அம்மா எனக்குச் சோறு போட்டபடி சொன்னார்.

சேவியர் அண்ணன் தீர்ப்பும் எழுதிவிட்டாராம். நஞ்சு குளிசைதான், வருத்தம் மாறிவிட்டது, இனி எதற்கு? நாளை அல்ல, அதற்கடுத்த திங்கட்கிழமை அவருக்குக் கிளினிக் நாள். அன்று போய் மிச்சக் குளிசைகளை மேசையில் வைத்துவிட்டு வரப்போகிறார். இடையில் விட்டால் கிருமி முழுதாகச் சாகாது. மிஞ்சியது அந்த மருந்துக்கே அடங்காததாகத் திரும்பி வரலாம். அவர்கள் இருக்கும் ஒற்றை அறையில் இரண்டு சின்னப் பிள்ளைகளும் படுக்கிறார்கள். "நாளைக்கே கிளினிக்குக்குப் போகச் சொல்லுங்கோ அம்மா" என்றேன். ஏசுவார்கள் என்று போக மாட்டாராம்.

அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று ஒன்று வெட்டியது! கம்பஸில் எங்கள் விரிவுரையாளர் சொன்னது. சயரோகக் குளிசைகளில் ஒன்றுக்கும் பலயா மீனுக்கும் ஆகாது. அந்த இன மீனை ஐஸில் ஒழுங்காக வைக்காவிட்டால் அதில் ஹிஸ்டமின் என்ற பொருள் ஏறும், சமைத்தாலும் போகாது. உடம்பு அதை உடைத்துத் தள்ளும் வேலையை அந்தக் குளிசை தடுத்துவிடும். பிறகு முகம் சிவக்கும், தலை இடிக்கும், வாந்தி வரும். அச்சொட்டாக இதுதான்! "ஓடிப்போய்க் கேளுங்கோ அம்மா, பலயா சாப்பிடுறவரோ எண்டு." அம்மா கை கழுவாமலே ஒழுங்கையைக் கடந்து போய், போன வேகத்திலேயே திரும்பி வந்தார். சேவியர் அண்ணன் சொல்லிவிட்ட பதில் இது: "பலயாவோ? கிளினிக் சிஸ்டர் 'பலயா கன்ன எப்பா', பலயா தின்ன வேண்டாம் எண்டு சொன்ன நாளில இருந்து, கன்டீனில அம்புல்தியல் மீன்கறி வைச்சிருக்கிற பக்கம் நான் திரும்பியும் பாக்கிறதில்லை. உங்கட மகளை வேற ஏதும் படிச்சிட்டு வரச் சொல்லுங்கோ."

தேத்தண்ணியா, இரத்தமா?

வேறு ஏதும் படிக்க எனக்கு ஒரு வாரம் இருந்தது. திங்கட்கிழமை பஸ்ஸில் பழைய குறிப்புகளைப் புரட்டியபடி வந்தேன். கடை திறந்ததும் முதல் ஆளாக ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் வந்தார். இரத்தம் குறைவு என்று நெடுநாளாக இரும்புக் குளிசை எடுக்கிறார். இரத்தப் பரிசோதனையில் எண் ஏறுவதாக இல்லை. என் கேள்வியைக் கேட்டேன். "முன்னுக்கும் தேத்தண்ணி, பின்னுக்கும் தேத்தண்ணி. விழுங்குறதும் தேத்தண்ணியோடதான். வெறுந் தண்ணியில உந்தக் குளிசை தொண்டையால இறங்குமே?" என்றார்.

எனக்குள் பட்டாசு வெடித்தது. தேயிலையின் துவர்ப்பு இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்புக்குள் சேர விடாது. ரீச்சர் இத்தனை நாளும் இரும்பை ஒரு வாயால் விழுங்கி, அதே வாயால் அதைக் கட்டியும் போட்டிருக்கிறார்! குளிசையைத் தண்ணீரோடு எடுக்கச் சொன்னேன். தேசிக்காய் பிழிந்த தண்ணீரென்றால் இன்னும் நல்லது. தேத்தண்ணியை ஒன்றிரண்டு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள் என்றேன். ரீச்சர் கண்ணாடியைக் கழற்றி என்னை வடிவாகப் பார்த்தார். "பிள்ளை, ரத்தம் குறைஞ்சால் நான் ஒருத்திதான் கஷ்டப்படுவன், காலமைத் தேத்தண்ணி பிந்தினால் வீட்டில இருக்கிற எல்லாரும் கஷ்டப்படுவினம்."

மழை எழுதிய மருந்துச் சீட்டு

சேவியர் அண்ணன் குளிசையை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடுதான் விழுங்குகிறார் என்று அன்று மாலை அம்மா விசாரித்துச் சொன்னார். ஆகவே தேத்தண்ணி வழியும் அடைபட்டது. அடுத்த நாள் இதய வால்வு மாற்றிய ஐயா ஒருவர் வந்தார். இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை எடுக்கிறவர். அந்தக் குளிசைக்காரர்கள் அடிக்கடி இரத்தம் சோதிப்பார்கள். இவருடைய எண் ஒரு தடவை மேலே நிற்கும், மறு தடவை கீழே நிற்கும். கிளினிக்கிலும் அளவைக் கூட்டிக் குறைத்துக் களைத்துவிட்டார்கள். "காலமை என்ன குடிக்கிறனீங்கள் ஐயா?" என்று கேட்டேன்.

கடற்கரைப் பக்கம் நடக்கப் போவாராம். அங்கே ஒரு மனிசி வாளியில் கொண்டுவந்து விற்கும் கொலகெந்த, அதாவது எங்கள் இலைக்கஞ்சி, ஒரு கோப்பை குடிப்பாராம். வல்லாரை, பொன்னாங்காணி, கையில் அகப்பட்ட பச்சை எல்லாம் அரைத்து ஊற்றிய கஞ்சி. பச்சை இலையில் இருக்கும் விற்றமின் கே, அந்தக் குளிசை செய்யும் வேலையை எதிர்ப்பக்கமாக இழுக்கும். "ஒவ்வொரு நாளும் குடிக்கிறனீங்களோ?" "சீச்சீ. மழை நாளில நடக்கப் போறதில்லை, கஞ்சியும் இல்லை." நான் கவுண்டரில் தட்டியே விட்டேன்! அவருடைய மருந்தின் பலத்தை இத்தனை மாதமும் தீர்மானித்தது டாக்குத்தர் அல்ல, வெள்ளவத்தை வானம். கஞ்சியைத் திடீரென்று விடவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். எல்லா நாளும் ஒரே அளவாகக் குடித்து, அதைக் கிளினிக்கிலும் சொல்லுங்கள், அவர்கள் அளவைப் பொருத்தித் தருவார்கள் என்றேன். ஐயா குடையை எடுத்துக்கொண்டு சொன்னார்: "அப்ப மழைக்கையும் குடையோட போய்க் கஞ்சி குடிக்கோணும் எண்டுறீர். முப்பது வருஷம் கூட இருந்த மனிசிகூட எனக்கு இவ்வளவு கரைச்சல் தரேல்லை, பிள்ளை."

ஒரு தொலைபேசி அழைப்பு

இது சின்னது. ஒரு வகை அன்டிபயோடிக்கைப் பாலோடு எடுத்தால் பாலில் உள்ள கல்சியம் அதைப் பிடித்துக்கொள்ளும். மருந்து பாதிக்கு மேல் வீணாகும். ஒரு அன்ரிக்கு இதை விளக்கி, பால் வேண்டாம், பால்மா வேண்டாம், பால்தேத்தண்ணி வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, அவரையும் திருப்பிச் சொல்லச் செய்து அனுப்பினேன். என் கவனத்தை நானே மெச்சிக்கொண்டிருந்த நேரம் அன்ரி கோல் எடுத்தார். "நீர் சொன்ன மாதிரி ஒரு சொட்டுப் பாலும் தொடேல்லை மகள், கசப்புக்குப் பால் ரொபிதான் ரெண்டு போட்டனான்."

முதலாளியின் ஜம்போலா

எங்கள் முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். கோபக்காரர் அல்ல, ஆனால் வரிசை நீண்டால் அவருக்கு மூச்சு முட்டும். "பிள்ளை, இது பாமசி, சாப்பாட்டுக் கடை இல்லை. வாறவை என்ன சாப்பிட்டவை எண்டு கேக்கிற வேலை எங்களுக்கு வேண்டாம்" என்று புதன்கிழமை காலை சொன்னார். சொல்லிவிட்டு நாற்காலியில் இருந்தவர் தொடையைப் பிடித்துக்கொண்டு "ஐயோ" என்றார். சில நாட்களாகத் தொடையும் கெண்டைக்காலும் உளைகிறதாம். அவர் கொலஸ்ட்ரோல் குளிசை எடுக்கிறவர் என்பது எனக்குத் தெரியும். அவருடைய மேசையில் பாதி உரித்த ஜம்போலா இருந்தது. அந்தப் பெரிய பச்சைப் பழம் அவருடைய மனைவியின் தாய்வீட்டிலிருந்து பை பையாக வருவதும் எனக்குத் தெரியும்.

கேட்பதா, விடுவதா? நான் தகுதிகாண் காலத்தில் இருக்கிறேன். பக்கத்தில் மருந்து எடுத்துக் கொடுக்கும் ரிஸ்வான் நானா, மாளிகாவத்தைக்காரர், என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் பிடித்துவிட்டார். "கேளுங்க தங்கச்சி. வேல போனா பொரள சந்தியில ரெண்டு பேரும் தொப்பி விப்பம்." கேட்டேன். கிரேப்ஃபுரூட் என்ற பழம் சில கொலஸ்ட்ரோல் குளிசைகளை உடம்பு உடைப்பதைத் தடுக்கும். மருந்து கூடித் தசை உளையலாம். ஜம்போலா அந்தப் பழத்தின் நெருங்கிய சொந்தம், அதுவும் அப்படிச் செய்யக்கூடும். கொஞ்ச நாள் பழத்தை நிறுத்திவிட்டு டாக்குத்தரிடம் காட்டுங்கள் என்று ஒரே மூச்சில் சொன்னேன். முதலாளி பழத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "பழத்தை விடலாம் பிள்ளை. மாமி ஆசையா அனுப்பினதை வேண்டாம் எண்டு சொல்ல நீர் வாறீரோ, ரிஸ்வான் வாறாரோ?"

சனிக்கிழமைக் கலியாணம்

அன்றிலிருந்து முதலாளி என் கேள்வியைத் தடுக்கவில்லை. வியாழக்கிழமை ஒரு திரீவீல் காரர் கன்னத்தைப் பிடித்தபடி வந்தார். பல்லில் சீழ். அவருக்கு எழுதியிருந்த குளிசைகளில் ஒன்று மதுவோடு சேர்ந்தால் வயிற்றைப் பிரட்டக்கூடியது. குளிசை முடியும் வரைக்கும், முடிந்து சில நாட்களுக்கும் குடிக்கக் கூடாது என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் வலியை மறந்து நிமிர்ந்தார். சனிக்கிழமை கூட்டாளியின் கலியாணமாம்.

நான் விடவில்லை. ஒரு கலியாணத்துக்காகப் பல் போய்விடும் என்றேன், சீழ் பரவும் என்றேன். ஆனால் ஒரு பக்கம் குளிசையும் மறு பக்கம் விருப்பமான ஒன்றும் நின்றால், மனிதர்கள் முதலில் குளிசையைத்தான் கைவிடுகிறார்கள். எனக்கு எதிர்வீட்டு நினைவு வந்தது. திங்கட்கிழமைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். நிறுத்துவதென்றால் மருந்தையே நிறுத்திவிடுவோம் என்று திரீவீல் காரர் எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரிச் சொன்னார்: "நங்கி, நவத்தனவா நம் பெஹெத நவத்தமு!"

பாவசங்கீர்த்தனம்

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்த கையோடு நானே சேவியர் அண்ணன் வீட்டுக்குப் போனேன். மூன்றாம் வாயை நம்பியது போதும். பிள்ளைகள் இரண்டும் நிலத்தில் படுத்திருந்து படம் கீறின. சேவியர் அண்ணன் வாசல் கதிரையில் இருந்தார். குளிசைப் பையைக் கட்டி அலுமாரிக்கு மேல் தயாராக வைத்திருந்தார்.

"சீஸ் சாப்பிட்டனீங்களோ அண்ணே?"

"நான் ஹாபரில வேலை செய்யிறவன் பிள்ளை, ஹோட்டலில இல்லை."

"பியர், சாராயம்?"

"தவக்காலத்திலயோ?" என்று ஸ்டெலா அக்கா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். "குடிச்சால் நானே கிளினிக்குக்குக் கொண்டுபோய் விட்டிட்டு வந்திருப்பன், திருப்பிக் கூப்பிட்டும் இருக்க மாட்டன்."

"இறைச்சி?"

"விபூதிப் புதனில இருந்து இறைச்சியே இல்லை. வேலைக்குக் கட்டிக் குடுக்கிறதும் மீனும் மரக்கறியும்தான். சூரை கிடைச்சால் சூரை, இல்லாட்டிச் சாளை" என்றார் அக்கா.

"பலயா?"

"இல்லை!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஸ்டெலா அக்கா மன்னார்க்காரி. மீன் வாங்குவது அவர்தான், சந்தையில் தனக்குத் தெரிந்த தமிழ்க் கடையில். அவர் பலயா வாங்கவில்லை என்றால் வாங்கவில்லைதான். எனக்கோ மீன் என்றால் குழம்புக்குள் வந்த பிறகுதான் அறிமுகம். சூடை என்று ஒரு சின்ன மீன் எங்கள் வீட்டில் பொரிப்பார்கள். சூரை என்றதும் அதன் தம்பியோ தங்கையோ என்று நினைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். சோயா சோஸ், சொக்லேட், வாழைப்பழம், வெளிக்கடைச் சாப்பாடு, நாட்டு மருந்து, பக்கத்து வீட்டார் கொடுத்த பொடி என்று கேட்டுக்கொண்டே போனேன். ஒன்றும் அகப்படவில்லை. "என்ன நடந்தாலும் குளிசையை நிப்பாட்டாதேங்கோ அண்ணே, திங்கட்கிழமை நானும் வாறன், சிஸ்டரோட கதைப்பம்" என்று கெஞ்சிவிட்டு எழும்பினேன். சேவியர் அண்ணன் பெருமூச்சு விட்டார். "நீ கேட்ட கேள்விக்கு நான் கோயிலில பாவசங்கீர்த்தனமே செய்திருக்கலாம் பிள்ளை. சுவாமிகூட இவ்வளவு கேக்க மாட்டார்."

பின்னறையில் ஒரு சாப்பாட்டுச் சண்டை

சனிக்கிழமை மத்தியானம். மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே எங்கள் பின்னறையில் மூன்று பேர் சாப்பிட உட்கார்ந்தோம்: நான், ரிஸ்வான் நானா, கஷியர் நிலந்தி அக்கா. நானா தன் டப்பாவைத் திறந்தார். அவருடைய மனைவி கல்முனைக்காரி. கறி மணத்தில் பெட்டிகளே மயங்கும். "எடுங்க தங்கச்சி, சூர மீன் ஆணம். ஊர் ருசி" என்றார். நிலந்தி அக்கா எட்டிப் பார்த்தார். "ஆ, பலயா நே! நானா, இதுக்கு கொரக்கா புளி போட்டா இன்னும் நல்லம்."

"பலயா இல்ல, சூர."

"மே பலயா, நானா! எங்கட அம்மா கிழமைக்கு கிழமை சமைக்கிறது எனக்கு தெரியாதா?"

"எங்கட ஊட்டு மனுசி கடக்கரையில பொறந்தவ. அவ சூர எண்டா சூரதான்."

என் கையில் இருந்த சோறு டப்பாவிலேயே விழுந்தது. "நில்லுங்கோ, நில்லுங்கோ! திருப்பிச் சொல்லுங்கோ. இந்த மீன். இதே மீனா?" இரண்டு பேரும் சண்டையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். சத்தம் கேட்டு முதலாளி உள்ளே வந்தார். டப்பாவைக் குனிந்து பார்த்தார். "சிங்களத்தில பலயா, தமிழில சூரை, ரெண்டும் ஒண்டுதான். உதுக்கு ஏன் இவ்வளவு சத்தம்? வெளியில ஆக்கள் நிக்கினம்."

நான் கை கழுவவில்லை. இடது கையால் அம்மாவுக்கு அடித்தேன். "அம்மா, ஸ்டெலா அக்கா இண்டைக்கு என்ன சமைச்சவ? கேளுங்கோ, கெதியா!" அம்மா ஜன்னலைத் திறந்து ஒழுங்கை முழுவதும் கேட்கக் கத்தியதும், எதிர்வீட்டிலிருந்து பதில் வந்ததும் எனக்கே ஃபோனில் கேட்டது. "சூரையாம் ஜெனி! தேங்காய்ப்பால் விட்டதாம். உனக்கும் எடுத்து வைக்கிறதோ எண்டு கேக்கிறா."

"சேவியர் அண்ணன் சாப்பிட்டிட்டாரோ?"

"சோத்துக் கோப்பையில போட்டாச்சாம்."

"தொட வேண்டாம் எண்டு சொல்லுங்கோ! ஓடுங்கோ அம்மா!"

செருப்புச் சத்தம், கதவுச் சத்தம், யாரோ "என்ன, என்ன" என்று கேட்கும் சத்தம். பின்னறையில் நிலந்தி அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரிஸ்வான் நானா கறியைத் தொடாமல் காத்திருந்தார். வெளியில் ஆட்கள் நிற்பதை முதலாளியும் மறந்துவிட்டார். பிறகு சேவியர் அண்ணனின் குரல் வந்தது. "பிள்ளை, எத்தினை தரம் சொல்லுறது? நான் பலயாவைத் தொடுறதில்லை!"

"அண்ணே, உங்கட கோப்பையில இருக்கிறதுதான் பலயா. சிஸ்டர் சிங்களத்தில சொன்னவ. அக்கா தமிழில வாங்கினவ. மீன் ஒண்டுதான்."

வாய்க்குப் போகவிருந்த சோற்றுப் பிடியை அவர் திரும்பவும் கோப்பையில் வைத்ததாக அம்மா பிறகு சொன்னார். ஃபோனில் என் காதில் விழுந்தது இதுதான்: "அப்ப கன்டீனில நான் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் எண்ட மீனை, வீட்டில இவள் எனக்குத் தேங்காய்ப்பால் விட்டுத் தந்திருக்கிறாளே!"

கிளினிக்கில்

ஒரு நாள் மீனை நிறுத்தி, அன்று முகம் சிவக்கவில்லை என்றால் அது நிரூபணம் ஆகாது. கம்பஸில் இதைத்தான் தலையில் அடித்துச் சொல்லித் தந்தார்கள். ஆனாலும் ஞாயிறு மத்தியானம் நான் எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்தபடியேதான் சோறு சாப்பிட்டேன். சேவியர் அண்ணன் பருப்பும் கத்தரிக்காயும் சாப்பிட்டுவிட்டு, முகத்தைக் காட்ட வாசலுக்கே வந்து நின்றார். திங்கட்கிழமை முதலாளியிடம் அரை நாள் லீவு கேட்டேன். "போம், போம். இனி நான் மீன் வாங்கப் போனாலும் நீர்தான் கூட வந்து பேர் கேட்டுச் சொல்லோணும்" என்று அனுப்பிவிட்டார்.

கிளினிக்கில் அந்தச் சிஸ்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அவருக்குச் சூரை என்ற சொல்லே அன்றுதான் அறிமுகம். எந்தெந்த நாட்களில் முகம் சிவந்தது, அன்று என்ன மீன் என்று ஸ்டெலா அக்காவிடம் கேட்டு டாக்குத்தர் ஒத்துப் பார்த்தார். சிவந்த நாளெல்லாம் சூரை நாள். சாளை நாளில் ஒன்றும் இல்லை. குளிசையை ஒரு நாளும் விடாமல் தொடரச் சொன்னார். கெலவல்லா மீனையும் அந்தச் சாதி மீன் எல்லாவற்றையும் கூட விடச் சொன்னார். கட்டி வைத்த பையை அவிழ்த்து, அன்றைய குளிசையை அங்கேயே, எங்கள் முன்னால் விழுங்கினார் சேவியர் அண்ணன். விழுங்கிவிட்டுச் சிஸ்டரைப் பார்த்துச் சிங்களத்திலும், மனைவியைப் பார்த்துத் தமிழிலும் ஒன்றையே சொன்னார், தமிழில் சொன்னது இது: "தவக்காலத்துக்கு இறைச்சியை விட்டன், குளிசைக்கு மீனை விட்டன், இனி என்னை ஒருத்தரும் ஒண்டும் விடச் சொல்ல வேண்டாம்."

மூன்றாம் வாயால் வந்த கதை என்பதால், முடிவை மட்டும் நானே போய்ச் சரிபார்த்தேன். மருந்து முடிந்த மாதம் அவர் என்னையும் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு நாளும் தவறாமல் குளிசை முடித்திருக்கிறார் என்று அந்தச் சிஸ்டரே சொன்னார். கடைசிச் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. பிள்ளைகள் இருவரையும் சோதித்திருந்தார்கள், அவர்களுக்கும் ஒன்றும் இல்லை. மருந்துக்குப் பெயர் வைத்தவர்கள் கூடிக் கதைத்து உலகம் முழுவதற்கும் ஒரு பெயரை வைத்திருக்கிறார்கள். மீனுக்குப் பெயர் வைத்தவர்கள்தான் ஒருவரோடு ஒருவர் கதைக்கவே இல்லை.